தெருவுக்கு ஒரு பென்டிரைவ்: கட்டற்ற மென்பொருளுக்கு 26 வீட்டுக் குறிப்புகள்

வார நாளில் ஒரு தனியார் நிறுவனத்தில் நெட்வொர்க் அட்மின் வேலை. ஞாயிற்றுக்கிழமை காலையில், கும்பகோணத்தில் எங்கள் தெருவுக்கு நான் 'கம்ப்யூட்டர் தம்பி'. "சிஸ்டம் ஹேங் ஆகுது", "பிரின்ட் வரமாட்டேங்குது" என்று எந்த வீட்டில் கூப்பிட்டாலும் போவேன். கூலி ஒரு டம்ளர் காபி. சட்டைப்பையில் ஒரு பென்டிரைவ் இருக்கும். அதில் காசு கொடுத்து வாங்கியதும் இல்லை, திருடியதும் இல்லை. எல்லாம் யார் வேண்டுமானாலும் எடுத்து, பயன்படுத்தி, அடுத்தவருக்குக் கொடுக்கக்கூடிய கட்டற்ற மென்பொருள். அந்த ஞாயிறுகளில் கற்றதை இங்கே எழுதியிருக்கிறேன். உங்கள் வீட்டுக்கு மட்டும் போதுமென்றால் 21 வரை படியுங்கள். தெருவுக்கும் வேண்டுமென்றால் கடைசி வரை.

தொடங்கும் முன்

1. எடுத்த எடுப்பில் விண்டோஸைத் தூக்கிவிட்டு லினக்ஸ் போடாதீர்கள். முதலில் விண்டோஸிலேயே ஃபயர்ஃபாக்ஸ், லிபர்ஆஃபிஸ், விஎல்சி மூன்றையும் போட்டு ஒரு மாதம் பழகுங்கள். பிறகு லினக்ஸுக்குப் போனாலும் அதே மூன்றும் அங்கேயும் கிடைக்கும். வீடு மாறினாலும் பாத்திரம் மாறாவிட்டால் சமையலில் தடுமாற்றம் இருக்காது.

2. எதைத் தொடுவதற்கு முன்பும் பேக்கப் எடுங்கள். இரண்டு நகல், அதில் ஒன்று வேறு வீட்டில் இருக்கட்டும். ஒருமுறை ஒரு வீட்டில் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ் இரண்டையும் நகல் எடுத்துவிட்டு டிஸ்க்கை ஃபார்மேட் செய்துவிட்டேன். அந்த வீட்டுப் பெண்ணின் வளைகாப்புப் படங்கள் 'டி' டிரைவில், 'நியூ ஃபோல்டர் 3' என்ற பெயருக்குள் இருந்திருக்கின்றன. ஃபோட்டோரெக் என்ற கட்டற்ற மென்பொருளை ராத்திரி முழுக்க ஓட்டியதில் பாதிப் படங்கள் மீண்டன, அதுவும் பெயரும் வரிசையும் இல்லாமல். அன்றிலிருந்து "படம் எல்லாம் எங்கே வச்சிருக்கீங்க?" என்று மூன்று தடவை கேட்காமல் கை வைப்பதில்லை.

3. 32 ஜிபி பென்டிரைவ் ஒன்று வாங்கி அதில் வென்டாய் என்ற மென்பொருளை ஏற்றுங்கள். ஏற்றும்போது பென்டிரைவில் உள்ளது எல்லாம் அழிந்துவிடும், கவனம். அதன்பிறகு லினக்ஸ் வகைகளின் ஐஎஸ்ஓ கோப்புகளைச் சும்மா காப்பி செய்து போட்டாலே போதும். சிஸ்டத்தில் செருகினால் எது வேண்டும் என்று பட்டியல் காட்டும். கடுகு, மிளகு, வெந்தயம் எல்லாம் ஒரே அஞ்சறைப்பெட்டியில் இருக்கிற மாதிரி.

4. பென்டிரைவிலிருந்து சிஸ்டத்தைக் கிளப்ப, பவர் பட்டனை அமுக்கியதும் ஒரு விசையைத் தட்ட வேண்டும். டெல், லெனோவா என்றால் பெரும்பாலும் எஃப்12. எச்பி என்றால் எஸ்கேப் தட்டிப் பிறகு எஃப்9. அசூஸ் என்றால் எஸ்கேப். ஒரே தட்டில் பிடிக்காது. திரை வரும்வரை தட்டிக்கொண்டே இருங்கள்.

5. இன்ஸ்டால் செய்யாமலே லினக்ஸை பென்டிரைவிலிருந்து ஓட்டிப் பார்க்கலாம். டிஸ்க்கில் உள்ள எதுவும் மாறாது. அந்த நேரத்தில் ஐந்தைச் சோதியுங்கள்: வைஃபை, சத்தம், டச்பேட், கேமரா, பிரின்டர். ஐந்தும் வேலை செய்தால் இன்ஸ்டால் செய்யலாம். ஒன்று உதைத்தாலும் அதற்கு வழி கண்டுபிடித்த பிறகு செய்யுங்கள்.

6. ரேமைப் பார்த்து லினக்ஸைத் தேர்ந்தெடுங்கள். 8 ஜிபி இருந்தால் உபுண்டு அல்லது லினக்ஸ் மின்ட் சின்னமன். 4 ஜிபி என்றால் மின்டின் எக்ஸ்எஃப்சிஇ வகை. 2 ஜிபிதான் என்றால் ஆன்டிஎக்ஸ். ஆனால் ஒன்று: லினக்ஸ் இலேசானதுதான், இன்றைய இணையப் பக்கங்கள் இலேசானவை அல்ல. 2 ஜிபி ரேமில் பத்து டேபைத் திறந்துவிட்டு லினக்ஸைத் திட்டக் கூடாது.

7. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றது. பழைய லேப்டாப்புகள் பலவற்றை விண்டோஸ் 11 ஏற்றுக்கொள்ளாது. அதற்காக லேப்டாப்பைப் பழைய சாமான்காரருக்கு எடை போட வேண்டாம். ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு 240 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றைப் போட்டு, மின்ட் ஏற்றிப் பாருங்கள். எங்கள் தெருவில் அப்படிப் பிழைத்தவற்றில் ஒன்று, பிளஸ் டூ படிக்கும்போது அரசு கொடுத்த லேப்டாப். அந்தத் திட்டத்தின் தொடக்க கால லேப்டாப்புகளில் விண்டோஸோடு, மத்திய அரசு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. பலர் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை என்பது வேறு கதை.

8. டாலியில் கணக்கு எழுதுபவர், டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் வைத்திருப்பவர் இவர்களிடம் பிடிவாதம் பிடிக்காதீர்கள். அவர்களுக்கு விண்டோஸும் இருக்கட்டும், பக்கத்தில் லினக்ஸும் இருக்கட்டும். இரண்டையும் ஒரே டிஸ்க்கில் வைக்கும் முன் பிட்லாக்கர் பூட்டு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதன் மீட்புச் சாவி எண்ணைத் தாளில் எழுதி வைத்த பிறகுதான் அடுத்த வேலை.

அன்றாட வேலைக்கு

9. லிபர்ஆஃபிஸ் 2010-இல் ஓப்பன்ஆஃபிஸிலிருந்து பிரிந்து வந்தது. இதன் சொந்தக் கோப்பு வடிவமான ஓடிஎஃப், 2006-இலேயே ஐஎஸ்ஓ தரமாக ஏற்கப்பட்டது. வீட்டில் வைத்துக்கொள்ள அந்த வடிவம். அடுத்தவர் திருத்த வேண்டுமென்றால் 'சேவ் ஆஸ்' கொடுத்து வேர்டு வடிவம். திருத்த வேண்டாம், படித்தால் போதும் என்றால் பிடிஎஃப். இந்த மூன்று கணக்கு தெரிந்தால் "உங்க ஃபைல் ஓப்பன் ஆகலை" என்ற போன் வராது.

10. வேர்டில் அடித்த கடிதத்தை லிபர்ஆஃபிஸில் திறந்தால் வரிகள் இடம் மாறுகின்றனவா? காரணம் எழுத்துரு. கலிப்ரிக்குப் பதில் கார்லிட்டோ, கேம்ப்ரியாவுக்குப் பதில் கலேடியா என்ற எழுத்துருக்களைப் போடுங்கள். எழுத்தின் அகலம் ஒன்றே என்பதால் வரி நகராது.

11. மகளிர் சுய உதவிக் குழுக் கணக்கை லிபர்ஆஃபிஸின் விரிதாளான கால்க்கில் போட்டுப் பாருங்கள். முதல் பத்தியில் பெயர், அடுத்து கடன், தவணை, வட்டி, நிலுவை. தலைப்பு வரியை 'ஃப்ரீஸ்' செய்துவிட்டால் எவ்வளவு கீழே போனாலும் தலைப்பு மறையாது. எதிர்வீட்டு அக்கா முதல் மாதம் நோட்டிலும் எழுதி, கால்க்கிலும் எழுதி ஒத்துப் பார்த்தார். வித்தியாசம் 40 ரூபாய். தப்பு நோட்டில்தான் இருந்தது. அடுத்த மாதம் அவரே பக்கத்துக் குழுவின் தலைவியைக் கூட்டிவந்து காட்டினார். அதைவிடப் பெரிய விளம்பரம் என்னால் செய்ய முடியாது.

12. போட்டித் தேர்வு விண்ணப்பங்கள் "50 கேபிக்குள் படம்" என்று கேட்கும். அதற்காகக் கடைக்கு அலைய வேண்டாம். கிம்ப் மென்பொருளில் படத்தைத் திறந்து, முதலில் அளவைக் குறையுங்கள். பிறகு 'எக்ஸ்போர்ட்' கொடுத்து ஜேபெக் வடிவம் தேர்ந்தெடுத்தால் தரம் கூட்டிக் குறைக்கும் பட்டை வரும். அங்கே முன்னோட்டம் காட்டும் பெட்டியில் டிக் செய்தால், பட்டையை நகர்த்த நகர்த்தக் கோப்பு எத்தனை கேபி என்று அங்கேயே தெரியும்.

13. படத்தில் வாய் ஒரு பக்கம், வசனம் ஒரு பக்கம் போகிறதா? விஎல்சியில் ஓடவிட்டு 'ஜே' அல்லது 'கே' விசையைத் தட்டிக்கொண்டே வாருங்கள். சத்தம் முன்னும் பின்னும் நகரும். சப்டைட்டில் தள்ளிப்போனால் 'ஜி', 'எச்'. 1996-இல் பாரிஸ் கல்லூரி மாணவர்கள் தொடங்கிய வேலை இது. 2001-இல் கட்டற்ற உரிமத்தில் வெளிவந்தது.

14. பரண்மேல் கிடக்கும் கேசட்டில் தாத்தாவின் குரல் இருந்தால் பூஞ்சை பிடிக்கும் முன் காப்பாற்றுங்கள். டேப் ரிக்கார்டரின் இயர்போன் துளையிலிருந்து ஆக்ஸ் கேபிளைக் கணினியின் ஒலி உள்வாங்கும் துளையில் செருகி, ஆடாசிட்டியில் பதியுங்கள். பேச்சு இல்லாமல் இரைச்சல் மட்டும் கேட்கும் இரண்டு மூன்று விநாடிகளைத் தேர்ந்தெடுத்து 'நாய்ஸ் ரிடக்‌ஷன்' பகுதியில் அதை மாதிரியாகக் கொடுங்கள். பிறகு முழுப் பதிவுக்கும் அதையே செலுத்துங்கள். அளவாகச் செய்யுங்கள், மிஞ்சினால் தாத்தா தண்ணீருக்குள்ளிருந்து பேசுவார்.

தமிழுக்கு

15. பழைய எழுத்துருக்களில் அடித்த தமிழ், உள்ளுக்குள் ஆங்கில எழுத்துதான். மேலே தமிழ்ச் சட்டை போட்டிருக்கும். அந்த எழுத்துரு இல்லாத கணினிக்குப் போனதும் சட்டை கழன்றுவிடும். எங்கள் தெருக் கோடியில் இருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் கும்பாபிஷேகப் பத்திரிகையை இரவெல்லாம் உட்கார்ந்து அடித்து, பென்டிரைவில் அச்சகத்துக்குக் கொண்டுபோனார். அங்கே திறந்தால் பக்கம் முழுக்க ஆங்கில எழுத்தும் காற்புள்ளியும் அடைப்புக்குறியும். "நாலு கால பூஜையும் போச்சு தம்பி" என்று வந்து நின்றார். பழைய கோப்புகளை எழுத்துரு மாற்றியில் போட்டு யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். இனி அடிப்பதையெல்லாம் யூனிகோடிலேயே அடியுங்கள்.

16. விசைப்பலகைக்குத் தமிழ்99 பழகுங்கள். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி வந்த வடிவமைப்பு. உயிர் எழுத்துகள் இடக் கைக்கு, மெய் பெரும்பாலும் வலக் கைக்கு. ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழும். 'அம்மா' என்று அடிக்க ஆங்கில விசையில் ஏ, கே, கே, க்யூ, நான்கே தட்டு. லினக்ஸில் ஐபஸ் அமைப்பில் எம்17என் என்ற தொகுப்பைச் சேர்த்தால் தமிழ்99 பட்டியலில் வந்துவிடும். ஒரு வாரம் விரல் முரண்டு பிடிக்கும், அப்புறம் படிந்துவிடும்.

17. அச்சிட்ட பழைய தமிழ்ப் புத்தகத்தை மறுபடி தட்டச்ச வேண்டாம். 300 டிபிஐ தெளிவில் ஸ்கேன் செய்து டெசராக்ட் மென்பொருளிடம் தமிழ் என்று சொல்லிக் கொடுத்தால் எழுத்தாக மாற்றித் தரும். கோடு போட்டு மெய்ப்புப் பார்க்க வேண்டியது நம் வேலை. பாட்டியின் கையெழுத்துச் சமையல் நோட்டை மட்டும் அதனிடம் கொடுக்காதீர்கள். அதைப் படிக்கப் பேத்திதான் வேண்டும்.

பிள்ளைகளுக்கு

18. சின்னப் பிள்ளைகளுக்கு டக்ஸ் பெயின்ட், ஜிகாம்ப்ரி. விளம்பரம் கிடையாது, "காசு கட்டினால்தான் அடுத்த கட்டம்" என்ற தொல்லை கிடையாது. பெரிய பிள்ளைகளுக்கு ஸ்டெல்லாரியம். அதில் உங்கள் ஊரைக் கொடுத்து, நேரத்தை இரவு ஏழு மணிக்கு வையுங்கள். பிறகு லேப்டாப்போடு மொட்டை மாடிக்குப் போய் ஒத்துப் பாருங்கள். அமாவாசையை ஒட்டிய நாட்கள் நல்லது. நெட் இல்லாத வீட்டுக்குக் கிவிக்ஸ்: தமிழ் விக்கிப்பீடியாவை அப்படியே கோப்பாகப் பென்டிரைவில் கொண்டுபோய்க் கொடுக்கலாம்.

பூட்டும் சாவியும்

19. கிராக் செய்த மென்பொருளைப் போடாதீர்கள். "முதலில் ஆன்டிவைரஸை நிறுத்து" என்று அது கேட்கும்போதே புரிந்துகொள்ளுங்கள், வாசற்கதவைக் கழற்றி வைத்துவிட்டுத் திருடனை விருந்துக்குக் கூப்பிடுகிறோம். கட்டற்ற மென்பொருளையும் அதன் சொந்தத் தளத்திலிருந்தே இறக்குங்கள். தேடலில் முதலில் வரும் விளம்பர இணைப்பு பல நேரம் போலி. லினக்ஸில் இந்தக் கவலை குறைவு. மென்பொருள் களஞ்சியத்திலிருந்து எடுத்துக்கொண்டால் போதும்.

20. பெரியவர்கள் பயன்படுத்தும் ஃபயர்ஃபாக்ஸில் யூபிளாக் ஆரிஜின் போட்டுக் கொடுங்கள். "உங்கள் கணினியில் 5 வைரஸ்" என்று மிரட்டும் விளம்பரங்களில் பெரும்பாலானவை கண்ணிலேயே படாது. பாஸ்வேர்டுகளுக்குக் கீபாஸ்எக்ஸ்சி. அதன் ஒரே தலைமைச் சாவியாக, சம்பந்தமில்லாத நான்கைந்து சொற்களைக் கோத்து வையுங்கள். உதாரணமாக அம்மிக்கல், ரயில், சித்தப்பா, கத்தரிக்காய், மழை. இதையே வைத்துவிடாதீர்கள், உங்களுடையதை நீங்களே கோத்துக்கொள்ளுங்கள். தாளில் எழுதிப் பீரோவில் நகைப்பெட்டிக்குள் வையுங்கள்.

21. நெட்வொர்க் ஆளாக ஒரு வார்த்தை. வைஃபை ரவுட்டரைப் பீரோவுக்குப் பின்னால் ஒளித்து வைக்காதீர்கள். இரும்பு சிக்னலைத் தின்றுவிடும். வீட்டின் நடுவில், ஆள் உயரத்தில் வையுங்கள். சுவர் தாண்டிப் போக 2.4 கிகாஹெர்ட்ஸ், பக்கத்தில் உட்கார்ந்து வேகமாக இறக்க 5 கிகாஹெர்ட்ஸ். ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் அட்மின் பாஸ்வேர்டை முதல் நாளே மாற்றுங்கள், டபிள்யூபிஎஸ் வசதியை அணையுங்கள். ரவுட்டருக்கென்றே ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற கட்டற்ற மென்பொருள் உண்டு. அதைச் சொந்த ரவுட்டரில் மட்டும், அதுவும் ஆதரவுப் பட்டியலில் உங்கள் மாடல் இருந்தால் மட்டும் ஏற்றுங்கள். இணைப்பு கொடுத்தவர் வைத்த மோடத்தில் பரிசோதனை வேண்டாம்.

தெருவுக்கு

22. பிரசங்கம் செய்யாதீர்கள். "விண்டோஸ் மோசம், லினக்ஸ் உசத்தி" என்று ஆரம்பித்தால் காபிகூட வராது. "சிஸ்டத்தில் என்ன தொந்தரவு?" என்று கேளுங்கள். அந்த ஒரு தொந்தரவைத் தீர்த்துவிட்டு, எதைக் கொண்டு தீர்த்தேன் என்று மட்டும் சொல்லுங்கள். மீதிக் கேள்வியை அவர்களே கேட்பார்கள்.

23. "சும்மா கொடுக்கிறான்னா ஏதோ உள்குத்து இருக்குமே தம்பி?" என்று கட்டாயம் கேட்பார்கள். நான் கோல நோட்டைச் சொல்வேன். பக்கத்து வீட்டு நோட்டைப் பார்த்து நாம் போடுகிறோம். எத்தனை புள்ளி, எத்தனை வரிசை என்று பார்க்கலாம். ஒரு வரிசை கூட்டி நம் விருப்பத்துக்கு மாற்றலாம். மாற்றியதை அடுத்த வீட்டுக்கும் கொடுக்கலாம். பயன்படுத்த, உள்ளே பார்க்க, மாற்ற, பகிர என்று கட்டற்ற மென்பொருளின் நான்கு உரிமைகளும் இவைதான். இலவசம் என்பது உடன் வரும் சௌகரியம். "இதையெல்லாம் யார் பயன்படுத்துறாங்க?" என்றால், கையில் உள்ள ஆண்ட்ராய்டு போனைக் காட்டுங்கள், அதன் அடித்தளம் லினக்ஸ்தான். கேரளத்தின் அரசுப் பள்ளிகளில் பிள்ளைகள் கணினி படிப்பதும் லினக்ஸில்தான்.

24. மாதத்தில் ஒரு ஞாயிறு இரண்டு மணி நேரம், கோயில் மண்டபமோ பள்ளிக்கூடமோ கேட்டு வாங்கி உட்காருங்கள். தேவை: இரண்டு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், மூன்று பென்டிரைவ், பேக்கப் எடுக்க ஒரு வெளி டிஸ்க், யார் வந்தார் என்ன கேட்டார் என்று எழுத ஒருவர். ஆரம்பிக்க ஒரு நாள் வேண்டுமென்றால் செப்டம்பர் மாத மூன்றாம் சனிக்கிழமை நல்ல சாக்கு. மென்பொருள் சுதந்திர நாளாக 2006 முதல் கொண்டாடப்படுவது அந்த நாள். முதல் மாதம் இரண்டு பேர்தான் வருவார்கள். அதில் ஒருவர் போன் சார்ஜர் கேட்க வந்தவராக இருப்பார். அடுத்த மாதமும் உட்காருங்கள்.

25. நிரல் எழுதத் தெரியாதவரும் இதில் கைகொடுக்கலாம். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற கட்டற்ற வரைபடத்தில் உங்கள் தெருப் பெயர், மருந்துக்கடை, குழாயடி எல்லாம் சேருங்கள். 2015 சென்னை வெள்ளத்தின்போது எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கிறது என்று மக்களே குறித்த வரைபடம் இதை அடித்தளமாகக் கொண்டதுதான். மென்பொருளின் தமிழ் மொழிபெயர்ப்பில் உறுத்தும் சொல்லைக் கண்டால் திருத்தம் அனுப்புங்கள்.

26. போட்டுக் கொடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள். கடைசி வேலையாக நாற்காலியிலிருந்து எழுந்து வீட்டுக்காரரை உட்கார வைத்து, அப்டேட் கொடுப்பதை அவர் கையாலேயே ஒருமுறை செய்ய வையுங்கள். மின்டில் மூலையில் இருக்கும் கேடயப் படத்தைத் தட்டினால் போதும். அதற்கு முன் டைம்ஷிஃப்டில் ஒரு நகல், ஏதாவது பிசகினால் நேற்றைய நிலைக்குத் திரும்ப. இந்தப் படிகளைப் பத்து வரியில் தமிழில் எழுதி மானிட்டர் பக்கத்தில் ஒட்டுங்கள். நான் எழுதிய தாளில் தலைமையாசிரியர் சிவப்பு மையில் நான்கு ஒற்றுப்பிழை திருத்தி, அழகாகத் திரும்ப எழுதி, ஏழு ஜெராக்ஸ் எடுத்து ஏழு வீட்டில் ஒட்டிவிட்டார். போன வாரம் என் பென்டிரைவையும் கேட்டு வாங்கிப் போனார், மேலத்தெருவில் யாருக்கோ சிஸ்டம் ஹேங் ஆகிறதாம். இன்னும் திருப்பித் தரவில்லை. நானும் கேட்கவில்லை, வேறு ஒன்று வாங்கிக்கொண்டேன்.